மாரித்தங்கம் செஞ்ச கிளைடர்

உங்க மகளை அந்தக் காலேஜ்லதான் சேர்க்கப் போறீங்களா மதினி? தாராளமாச் சேருங்க. நான் குறை சொல்லுதேன்னு நினைச்சுக்கிடாதீங்க. பத்தொன்பது வருசம் அங்க வேலை பாத்திருக்கேன். தண்ணி நல்லாருக்கும், கட்டடம் நல்லாருக்கும், பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்ல ஒரு குறையும் கிடையாது. ஆனா அதே காலேஜ்தான் என்னைத் திருடின்னு எழுதி, சீல் வச்சு, பதிவுத் தபால்ல வீட்டுக்கு அனுப்பியிருக்கு. இன்னைக்குப் பத்தரைக்கு விசாரணை. அதுக்குத்தான் இந்தப் பஸ்ல போயிட்டிருக்கேன்.

என்ன திருடினேன்னு நீங்க கேக்க மாட்டீங்க. சங்கடப்படுவீங்க. நானே சொல்லிருதேன். என் கையால செஞ்ச சாமானை நானே திருடிட்டேனாம்.

டீச்சரான்னு கேட்டீங்கள்ல, இல்லை. மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்ல லேப் அட்டெண்டர். அட்டெண்டர்னா பூட்டைத் திறக்கிறது, பெருக்குறது, பேரேட்டுல கையெழுத்து வாங்குறதுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. எங்க லேப்ல மாடல் செய்யுற மேசை ஒண்ணு உண்டு. பாலம், கிரேன், காத்தாலை, எந்த மாடல் வேணும்னாலும் வெட்டுறதும் ஒட்டுறதும் நான்தான். பிள்ளைங்க படம் வரைஞ்சுட்டு வருவாங்க, நான் செஞ்சு குடுப்பேன், அவங்க மார்க் வாங்குவாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இருந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா அது பொய்.

போன தை மாசம் கோயம்புத்தூர்ல ஒரு போட்டின்னு நோட்டீஸ் வந்துச்சு. சின்ன ராக்கெட், என் கை நீளம்தான் இருக்கும். அதோட முதுகுல ஒரு கிளைடரைச் சுமந்துக்கிட்டுப் போகணும். கிளைடர்னா எஞ்சின் கிடையாது, மிதந்துக்கிட்டே வர்ற விமானம். உச்சிக்குப் போனதும் ராக்கெட் அதை விட்டுறணும். ராக்கெட்டு பாராசூட்ல இறங்கும், கிளைடரு தனியா மிதக்கும். எவ்வளவு நேரம் மிதக்குதோ அதுதான் கணக்கு. எங்க துறைத்தலைவர் ஞானசிகாமணி சார் நாலு பிள்ளைங்களைச் சேர்த்தாரு. பெனாசிர்னு ஒரு பிள்ளை, அதுதான் லீடர். மத்த மூணு பேரும் கம்பெனி இண்டர்வியூன்னு ஓடிட்டாங்க. சார் கம்ப்யூட்டர்ல படம் போட்டாரு. என்னைக் கூப்பிட்டு, “மாரித்தங்கம்மா, இதை அப்படியே வெட்டிக் குடுங்க”ன்னாரு.

வெட்டினேன். பால்சான்னு ஒரு கட்டை மதினி, பாத்தா மரம், தூக்குனா தெர்மாகோல். பிளேடை அழுத்தினா நசுங்கிரும், அழுத்தலைன்னா பிசிறும். தடவிக் குடுக்கிற மாதிரி வெட்டணும். கோடு போட்ட இடத்துல மயிரிழை விலகாம வெட்டிக் குடுத்தேன்.

காலேஜுக்குப் பின்னால பருத்தி எடுத்து முடிச்ச கரிசக்காடு இருக்கு. அங்க கொண்டுபோய் நிறுத்தி, ஒயர் இழுத்து, தள்ளி நின்னு பட்டனை அமுக்குனாங்க. புஸ்ஸுன்னு கிளம்புச்சு. ஒரு பனை உயரம் போகலை. அப்படியே குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழா வந்து மண்ணுல சொருகிடுச்சு. எல்லாரும் ராக்கெட்டைப் பாக்காங்க. சார் என்னைப் பாக்காரு. இறக்கையைக் கோணலா வெட்டிட்டீங்கம்மான்னாரு. அத்தனை பேரு முன்னால.

என் கண்ணு வேணும்னா கோணும். என் கை கோணாது.

அன்னைக்குச் சாயங்காலம் இதே பஸ்ல, இதே ஜன்னல் ஓரத்துல உக்காந்து வாரேன். கையை வெளிய நீட்டியிருந்தேன். உள்ளங்கையை லேசாச் சாய்ச்சா போதும், காத்து அப்படியே கையை மேல தூக்குது. நேரா வச்சா சும்மா கிடக்கு. நீங்க வேணும்னா நீட்டிப் பாருங்க. வேண்டாம், லாரி வருது. அப்பதான் எனக்கு விளங்குச்சு. இறக்கையில குத்தமில்லை, வால்ல குத்தம். சாரு படத்துல கிளைடருக்கு வாலை லேசா மேல தூக்கி வச்சிருந்தாரு. மெதுவா மிதக்குறப்ப அது சரி. ராக்கெட்டு போற வேகத்துல, தூக்குன வாலைக் காத்து பிடிச்சு அமுக்கும், மொத்தத்தையும் கவுத்துரும். அப்ப வாலு போறப்ப மட்டமா இருக்கணும், விட்ட பிறகு தூக்கணும்.

மறுநாள் சார்ட்ட சொன்னேன். அவரு கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமலே, படத்துல இருக்கிறதைச் செய்யுங்கம்மா, போதும்னுட்டாரு.

சரின்னுட்டு, மிச்சம் விழுந்த துண்டுக் கட்டைகளை எடுத்துட்டு வந்து வீட்டுல செஞ்சேன். அதைத்தான் இப்பக் காலேஜ் பொருள்னு எழுதியிருக்காங்க. குப்பைக்குப் போற துண்டு மதினி, நானே கூட்டி அள்ளுற துண்டு. வாலுக்குத் துணியில ஒரு கீல் வச்சேன். தலைமுடி ரப்பரைப் பிரிச்சு உள்ள இருக்கிற இழையை எடுத்து, வாலைத் தூக்குற மாதிரி இழுத்துக் கட்டினேன். ராக்கெட்டு மேல கட்டி வச்சிருக்கிற வரைக்கும் அதோட உடம்பு வாலை அமுக்கிக்கிட்டிருக்கும். விட்டதும் வாலு தானாத் தூக்கிரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. எந்தப் புஸ்தகத்துலயும் பாக்கலை.

ஒரு ஞாயித்துக்கிழமை பெனாசிர் மோட்டார் எடுத்துட்டு வந்துச்சு. மோட்டார்னா பெருவிரல் தடிமன்ல, உள்ள வெடிமருந்து அடைச்ச ஒரு அட்டைக் குழாய், டீம் கணக்குல வாங்கினது. நானும் அதுவும் மட்டும் போனோம். நேராப் போச்சு. ஊசி மாதிரிப் போச்சு. பெனாசிர் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிடுச்சு. ஆனா மேல போனதும் கிளைடரு பிரியலை. நான் ரப்பர் பேண்டுல கொக்கி போட்டு வச்சிருந்தேன், அது விடலை. ராக்கெட்டும் கிளைடரும் ஒரே பாராசூட்ல, புருசன் பொண்டாட்டி மாதிரி சேந்தே இறங்கி வந்துச்சு.

அந்த ஒரு காரியத்துக்கு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சேன். மோட்டார் எரிஞ்சு முடிச்சதும் உள்ள ஒரு சின்ன வெடி வெடிச்சு, மூக்குல இருக்கிற கூம்பைத் தள்ளிவிடும், பாராசூட் வெளிய வரும். அந்த நேரத்துலதான் கிளைடரையும் விடணும். எப்படி விடுறது? கொக்கி போட்டுப் பாத்தேன். ஊசி போட்டுப் பாத்தேன். காந்தம் கூட வச்சுப் பாத்தேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு சுடலைமணி. கோயில் வாசல்ல ஒரு பூக்கடையில மாலை கட்டுறாரு. மத்தியானம் பூவை வீட்டுக்கே கொண்டாந்து சாயங்கால மாலைக்குக் கட்டுவாரு. பேச மாட்டாரு. பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை. நான் கிளைடரை வச்சுக்கிட்டு முழிச்சுட்டிருக்கேன். அவரு சம்பங்கியைக் கட்டிக்கிட்டே பாத்துட்டு இருந்தாரு. பிறகு எந்திரிச்சு, வாழைநாரை எடுத்து, ஜன்னல் கம்பியில ஒரு டம்ளரைக் கட்டினாரு. இழுத்துப் பாருன்னாரு. டம்ளரைப் பிடிச்சு இழுத்தேன், வரலை, இறுகத்தான் செய்யுது. இப்ப இந்த முனையைப் பிடிச்சு இழுன்னாரு. இழுத்தேன். முடிச்சே இருந்த தடம் இல்லாம உருவிக்கிட்டு வந்துருச்சு. டம்ளரு கீழ விழுந்து நசுங்கிப்போச்சு.

“முனையைக் கூம்புல கட்டிவிடு. கூம்பு போறப்ப உருவிக்கிட்டுப் போகும்.”

அம்புட்டுத்தான் சொன்னாரு. திரும்பப் பூவு கட்ட உக்காந்துட்டாரு. எனக்கு டம்ளரு போன கோவம் வேற.

ஏதோ அவருக்குத் தெரிஞ்சது பூக்கட்டுற சுருக்கு, அதைச் சொன்னாரு. வாழைநாரு ராக்கெட்டுக்கு ஆகுமா? கருகிரும். அதை நூலா மாத்துனது நான். நூலு சொரசொரன்னு சிக்கும், மெழுகு தடவுன்னு அவருதான் சொன்னாரு, சரி, ஆனா தடவுனது நான். அவரு என் கையைப் பிடிச்சு நாலஞ்சு நாளு கட்டிக் காட்டுனாரு, அதையும் இல்லைங்கலை. கட்டிக் கட்டிப் பழகுனது நான்தானே.

அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் போனோம். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், வெயில் தணிஞ்சிருந்துச்சு. பட்டனை நான் அமுக்கினேன். நேராப் போச்சு மதினி. புகை ஒரு கோடு மாதிரி நிக்கிது. உச்சியில போய் ஒரு செகண்டு ஒண்ணும் தெரியலை. டப்புன்னு ஒரு சத்தம். கூம்பு தெறிச்சுச்சு. பக்கத்துல வெள்ளையா ஒண்ணு பிரிஞ்சு, கொஞ்சம் விழுந்து, வாலைத் தூக்கி, நிமுந்துச்சு. பிறகு சுத்த ஆரம்பிச்சுச்சு. அவசரமே இல்லாம, தனக்கு ஊருல வேலையே இல்லைங்கிற மாதிரி சுத்துச்சு. நான் நாப்பத்தாறு வயசுப் பொம்பளை, கரிசக்காட்டுல செருப்பு எங்க கழண்டுச்சுன்னு தெரியாம அது பின்னால ஓடுதேன். மொளகாச் செடிக்கு நடுவுல அலுங்காம வந்து உக்காந்துச்சு. அதைத் தூக்குறப்ப எனக்கு அழுகை வந்துச்சு. பெனாசிர்ட்ட வேர்வைன்னு சொன்னேன்.

திங்கக்கிழமை சார் பாத்தாரு. பெனாசிர் செல்லுல படம் எடுத்து வச்சிருந்துச்சு, காட்டுச்சு. நல்லாருக்கு, நல்லாருக்குன்னாரு. கிளைடரை வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டுனாரு. நாலு நாளு கழிச்சு ஆபீஸ்ல போட்டிக்கு அனுப்புற பட்டியல் கிடந்துச்சு. நாலு பிள்ளைங்க பேரு, வழிகாட்டின்னு சாரு பேரு. செஞ்சவங்கன்னு ஒரு பேரும் இல்லை.

போய்க் கேட்டேன். கெஞ்சலை, நின்னு கேட்டேன். எம் பேரையும் போடுங்க சார்னேன். அவரு கோவப்படலை. சிரிச்சாரு. அதுதான் எனக்குப் பொறுக்கலை.

“மாரித்தங்கம்மா, நீங்க வெட்டுனீங்க, ஒட்டுனீங்க. வீடு கட்டுன கொத்தனார் பேரையா கல்வெட்டுல போடுறாங்க?”

பத்தொன்பது வருசமா அந்தப் பீரோ சாவி என் இடுப்புலதான் இருக்கு. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு இல்லை, பட்டப்பகல்ல, மூணரை மணிக்கு, எல்லாரும் பாக்கத் திறந்தேன். கிளைடரை எடுத்து அட்டைப்பெட்டியில வச்சேன். பேரேட்டுல எழுதினேன்: ‘மாரித்தங்கம் செஞ்ச கிளைடரை மாரித்தங்கம் எடுத்துச் செல்கிறாள்.’ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். திருடுறவ இப்படி எழுதி வச்சுட்டா போவா?

போட்டியில பொதுப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. யாரு வேணும்னாலும் வரலாம், மோட்டாரு அங்கயே குடுப்பாங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். அவரு கல்யாண சீசன்ல ரெண்டு நாளு கட்டு வேலையை விட்டுட்டு, பெட்டியை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாரு. பஸ் குலுங்குறப்பல்லாம் ரெண்டு கையையும் அடியில குடுத்துத் தாங்கிக்கிட்டாரு. அங்க போனதும் ஃபாரம் குடுத்தாங்க. எழுதினேன். என்னைக் கூப்பிட்டாங்க. மைக்குல, “கோவில்பட்டி, மாரித்தங்கம்.” ஒரு மைதானம் முழுக்கக் கேட்டுச்சு மதினி. பறந்துச்சு. ஒரு நிமிசம் நாப்பத்தாறு செகண்டு. எங்க பிரிவுல ரெண்டாவது. முதலாவது வந்தவரு பெங்களூர்ல இதே தொழிலா இருக்கிறவராம். அது கணக்குல சேராது.

மத்தியானம் காலேஜ் பிள்ளைங்க பிரிவு. எங்க காலேஜும் வந்திருந்துச்சு. பெனாசிர் செல்லுல இருந்த படத்தைப் பாத்தே நாலு நாள்ல இன்னொண்ணு செஞ்சிருந்துச்சு. வால்ல கீலு, ரப்பர் இழை, எல்லாம் என்னோடது மாதிரியே. ஆனா முடிச்சு மட்டும் தெரியலை. நான் கட்டுறப்பல்லாம் திரும்பி நின்னுல்ல கட்டுவேன். அந்தப் பிள்ளை என்கிட்ட ஓடி வந்துச்சு. அக்கா, பத்து நிமிசந்தான் இருக்கு, ஒரு தடவை கட்டிக் காட்டுங்கன்னு கேட்டுச்சு. உங்க சாரைப் போய்க் கேளுன்னேன். அது முகம் சுருங்கிப் போச்சு. எனக்கும் மனசு கேக்கலைதான், ஆனா நான் ஏன் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரரு என் பையை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. பையைக் கீழ வச்சாரு. நடந்து போனாரு. அந்தப் பிள்ளைங்க நடுவுல குத்தவச்சு உக்காந்து, நூலை எச்சில் தொட்டு முறுக்கி, கட்டிக் குடுத்துட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலை மதினி. கட்டுன புருசன்.

அவங்களோடது போச்சு. பிரிஞ்சுச்சு. ஏதோ வெக்கைக் காத்துல மாட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு நிமிசம் முப்பத்தொண்ணு. முதப் பரிசு. நடுவருல ஒருத்தர் வந்து, விடுற ஏற்பாடு ரொம்பச் சுளுவா இருக்கே, யாரு யோசனைன்னு கேட்டாரு. பெனாசிர் இவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்திருச்சு. ஞானசிகாமணி சாரு அங்கதான் நிக்காரு. அந்தப் பிள்ளை அவரைத் திரும்பிக்கூடப் பாக்காம, டீம் தாள்ல பேனா எடுத்து எழுதுது: முடிச்சு, சுடலைமணி. மைக்குல வாசிச்சாங்க. கை தட்டுனாங்க. இவருக்குத் தோள்ல கிடந்த துண்டை என்ன பண்ணுறதுன்னு தெரியலை, கையில எடுக்காரு, தோள்ல போடுறாரு. சாரு வந்து இவரு கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. பத்தொன்பது வருசத்துல நாலு பேரு முன்னால என்னைப் பெருமையாச் சொல்லாத வாயி, அன்னைக்கு அண்ணாச்சி, அண்ணாச்சின்னுச்சு.

என்ன செஞ்சாரு அவரு? ஒரு முடிச்சு. தெரிஞ்ச தொழிலு, கட்டுனாரு. மாலை கட்டுனவர் பேரையா கல்யாணப் பத்திரிகையில போடுறாங்க?

அதை விடுங்க. ஊருக்கு வந்தா இந்த நோட்டீஸ். காலேஜ் பொருளைத் தவறுதலாக எடுத்துச் சென்றேன், வருந்துகிறேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா வேலை நிக்குமாம். ஆபீஸ் கிளார்க் வீட்டுக்கே வந்து நல்லதுக்குச் சொல்லுதேன்னாரு. பெனாசிரும் வந்துச்சு, படத்தையெல்லாம் பேப்பர்ல போட்டு, இதைச் செஞ்சது மாரித்தங்கம் அக்கான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போச்சு. நான் முடிச்சைச் சொல்லித் தராத பிள்ளை. அதைப் பையில வச்சிருக்கேன். என் பதிலையும் எழுதி வச்சிருக்கேன். ‘எடுத்தது உண்மை. தவறுதலாக எடுக்கவில்லை.’ ரெண்டே வரி. வேலை போனாப் போகட்டும். வெட்டத் தெரிஞ்ச கை எங்க போனாலும் சாப்பிடும். அந்த வருந்துகிறேனை மட்டும் நான் எழுத மாட்டேன்.

எங்க வீட்டுக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. காலையில கிளம்புங்கன்னேன். கல்யாண மாலை இருக்குன்னுட்டாரு. உன் கிளைடரு, நீ போய்ப் பேசுன்னாரு. கோவமாச் சொல்லலை, அவருக்குக் கோவமே வராது. கோயம்புத்தூர்ல இருந்து வந்ததுல இருந்தே பத்து வார்த்தைக்கு ஒண்ணுங்கிறது இருபதுக்கு ஒண்ணாப் போச்சு. வெயிலு இந்த வருசம் ரொம்ப அதிகம்ல.

போட்டி முடிஞ்சு திரும்பி வர்றப்ப பஸ்ல ஒண்ணு கேட்டாரு. திருமங்கலம் தாண்டி வாரோம், நான் கண்ணசந்துட்டேன்னு நினைச்சுட்டாரோ என்னவோ, ஜன்னலைப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

“அந்த ஃபாரத்துல ஒருத்தர் பேருக்குத்தான் இடம் இருந்துச்சா?”

நான் கண்ணைத் திறக்கலை. என்ன கேள்வி இது? செஞ்சவங்க பேருன்னு போட்டு நாலு வரி விட்டிருந்தான். நான் எம் பேரைப் பெரிசா, நாலு வரியும் அடைச்சு எழுதினேன். பத்தொன்பது வருசம் கழிச்சு எழுதுறேன், பின்ன எப்படி எழுதுவேன்? அதுல என்ன தப்பு மதினி?

என்ன, நீங்களும் ஜன்னலைப் பாக்க ஆரம்பிச்சுட்டீங்க. காலேஜ் கேட்டு வந்துருச்சு, மகளை எழுப்புங்க.